பலம் அல்ல, பாதுகாப்பு: பிக்அப் வண்டியில் ஏ.டி.வி. ஏற்றும் முறைகள் குறித்த ஓர் ஆய்வு

நவம்பரில் மான் வேட்டைக்காலம் தொடங்கிவிட்டால் அமெரிக்காவின் விஸ்கான்சின், மின்னசோட்டா போன்ற வடக்கு மாநிலங்களின் நெடுஞ்சாலைகளில் ஒரு காட்சியைத் தொடர்ந்து பார்க்கலாம். பிக்அப் வண்டியின் பின்தொட்டியில், நான்கு பருத்த டயர்களோடு ஏ.டி.வி. ஒன்று பட்டைகளால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். சென்னை மெரினா மணலில் காவல்துறையினர் ரோந்து சென்ற நான்கு சக்கர வண்டியைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் தெரிந்திருக்கும். மோட்டார் சைக்கிள்போல் இருபுறமும் காலைப் போட்டு உட்கார்ந்து, கைப்பிடியைத் திருப்பி ஓட்டுகிற, சேறு, மணல், பனி எதிலும் போகிற வண்டி.

அந்த வண்டி தொட்டிக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஒரு இயந்திரத்தைத் தரையிலிருந்து ஏறத்தாழ இடுப்பளவு உயரத்துக்கு ஏற்ற வேண்டும். பெரும்பாலும் தனியாளாக, சில சமயம் இருட்டில், பனியிலும் சேற்றிலும் ஏற்ற வேண்டும். பலகை வைத்து ஓட்டியே ஏற்றிவிடலாம் என்கிறது ஒரு கட்சி. உருளையில் வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச் போட்டு இழுப்பதே முறை என்கிறது இன்னொரு கட்சி. இந்த வம்பே வேண்டாம், டிரெய்லர் வாங்கு என்கிறது மூன்றாவது கட்சி. மூன்றையும் எடைபோட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. வின்ச் வாங்குகிறவர்கள் அது எத்தனை கிலோ இழுக்கும் என்று பார்த்து வாங்குகிறார்கள். ஆனால் இந்த வேலைக்கு அந்தப் பலத்தில் சிறு பங்கே போதும். ஆபத்தான நிமிடத்தில் சரிவின்மேல் மனிதன் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வின்ச்சின் பெரிய பயன்.

ஏற்ற வேண்டிய கட்டாயம்

ஏ.டி.வி. சாலைக்குச் செய்த வண்டி அல்ல. அதன் டயர்களில் காற்றழுத்தம் மிகக் குறைவு. மண்ணைப் பரவலாகப் பற்றிக்கொள்ளும் அந்த டயர்கள் தாரில் திரும்பும்போது ஓட்டுபவரின் கைக்கு எளிதில் அடங்குவதில்லை. அதனால் அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை பொதுச் சாலைகளில் அதை ஓட்டுவதைத் தடுக்கின்றன, அல்லது கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன. மேற்கு வர்ஜீனியாவின் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் தடங்களைச் சுற்றியுள்ள சிற்றூர்கள்போல் தெருவில் ஓட்ட அனுமதிக்கும் ஊர்களும் உண்டு. 2000-இல் திறக்கப்பட்ட அந்தத் தடங்களின் மொத்த நீளம் இன்று 1,600 கிலோமீட்டரைத் தாண்டும். அங்கு போய்ச் சேர வேண்டுமானாலும், வெளியூரிலிருந்து வருபவர் வண்டியைச் சுமந்துகொண்டுதான் வர வேண்டும்.

இந்த வண்டியின் வரலாற்றிலேயே விபத்து ஒரு பெரிய அத்தியாயம். ஹோண்டா நிறுவனம் 1970-இல் மூன்று சக்கர யு.எஸ்.90 மாதிரியை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் சுசுகி நான்கு சக்கர மாதிரியைக் கொண்டுவந்தது. மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து பலர், குறிப்பாகச் சிறுவர்கள், இறந்தபின் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துடன் ஏற்பட்ட 1988-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி உற்பத்தியாளர்கள் அவற்றின் விற்பனையை நிறுத்தினர். 2008-இல் சட்டமே புதிய மூன்று சக்கர வண்டிகளுக்குத் தடை போட்டது. நான்கு சக்கரம் வந்தபின்னும் கவிழ்வது நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல், பொதுப் பயன்பாட்டுக்கு விற்கப்படும் புதிய வண்டிகளில், கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் பாதுகாப்புச் சட்டகம் கட்டாயம். அந்த விதியை ஏற்காமல் சில பெரிய நிறுவனங்கள் அங்கு விற்பனையையே கைவிட்டன.

கவிழும் இயல்புடைய இந்த வண்டியைத்தான், அகலம் குறைந்த இரண்டு பலகைகள்மேல் செங்குத்தாக ஏற்றுகிறோம்.

தொட்டியின் அளவு, வண்டியின் அளவு

நடுத்தர வேலை ஏ.டி.வி. ஒன்று சுமார் 320 கிலோ எடை, 2.1 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் இருக்கும். அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக அதிகம் விற்கும் ஃபோர்டு எஃப் வரிசையில் எஃப்-150 வண்டியின் தொட்டி ஐந்தரை அடி, ஆறரை அடி, எட்டடி என மூன்று நீளங்களில் கிடைக்கிறது. தொட்டிக்குள் புடைத்திருக்கும் இரு சக்கரக் கூண்டுகளுக்கும் இடைப்பட்ட அகலம் 1.2 மீட்டருக்குச் சற்று மேல். ஏ.டி.வி. அதற்குள் அடங்கும், ஆனால் கைவிரல் நுழையும் இடைவெளிதான் மிஞ்சும். டொயோட்டா டகோமா போன்ற நடுத்தர பிக்அப்களில் கூண்டுகளுக்கு நடுவே அவ்வளவு இடம் இல்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் கூண்டின் உயரத்துக்கு ஒட்டுப்பலகை மேடை அடித்து, அதன்மேல் வண்டியை நிறுத்துகிறார்கள். அப்படிச் செய்தால் ஏற்ற வேண்டிய உயரம் இன்னும் கூடுகிறது.

நீளத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இரு வரிசை இருக்கை கொண்ட பிக்அப்கள் பெருகியதால் ஐந்தரை அடித் தொட்டிதான் இன்று பரவலாகக் காணப்படுகிறது. அதாவது 1.7 மீட்டருக்கும் குறைவு. 2.1 மீட்டர் வண்டியை அதில் ஏற்றினால் பின்சக்கரங்கள் திறந்த பின்கதவின்மேல்தான் நிற்கும். முழு எடையில் கணிசமான பங்கைப் பின்கதவும் அதைத் தாங்கும் இரண்டு மெல்லிய கம்பிவடங்களும் சுமக்கின்றன. இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2004-இல் சுமார் நாற்பது லட்சம் பிக்அப்களைத் திரும்ப அழைத்தது. பின்கதவைத் தாங்கும் வடங்கள் துருப்பிடித்து அறுந்துபோகக்கூடும் என்பதே காரணம். பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் ஊர்களில் எந்தக் கம்பெனி வண்டியானாலும் இந்த வடங்களைக் கையால் வளைத்துப் பார்த்து, உறை வெடித்திருக்கிறதா, உள்ளே துரு இருக்கிறதா என்று சோதித்துவிட்டு ஏற்றுவது நல்லது.

சாய்பலகையின் கணக்கு

பின்கதவைத் திறந்தால் அதன் விளிம்பு தரையிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். நான்கு சக்கர இயக்கமுள்ள புதிய பிக்அப்களில் இன்னும் கூடும். ஆறடிப் பலகை வைத்தால் சரிவு 30 டிகிரி. எட்டடிப் பலகையானால் 22 டிகிரி. அதே எட்டடிப் பலகையோடு, பிக்அப்பின் பின்சக்கரங்களை 30 சென்டிமீட்டர் பள்ளத்தில் இறக்கி நிறுத்தினால் சரிவு 14 டிகிரிக்கு வந்துவிடும்.

இழுக்க வேண்டிய விசையும் இதோடு சேர்ந்து இறங்குகிறது. 320 கிலோ வண்டிக்கு, டயர் உருளும்போது ஏற்படும் தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆறடிப் பலகையில் ஏறத்தாழ 175 கிலோ விசை, எட்டடியில் 135, பள்ளத்தில் நிறுத்தினால் 95. எந்தக் கருவியும் வாங்காமல், வண்டியை நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுத்தாலே வேலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வேட்டைக்காடுகளில் பழகியவர்கள் இதை நன்றாக அறிவார்கள். சாலையோர வாய்க்காலில் பிக்அப்பின் பின்புறத்தை இறக்குவார்கள், அல்லது மண்மேட்டை ஒட்டி நிறுத்தி மேட்டிலிருந்தே தொட்டிக்குள் வண்டியை நகர்த்திவிடுவார்கள். இந்தத் துறையில் மலிவான, மிகப் பயனுள்ள ஆலோசனை இதுதான். வின்ச் விற்கும் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

பலகை விஷயத்தில் இரண்டு கருத்துகள் உண்டு. மரப்பலகையின் நுனியில் உலோக முனை பொருத்தி வைத்துக்கொள்வது பழைய வழக்கம். மலிவானது, காய்ந்த நாளில் குறை சொல்ல முடியாது. ஈரத்திலும் உறைபனியிலும் வழுக்கும், முடிச்சுள்ள இடத்தில் பிளக்கும். அலுமினியப் பலகைகள் படிக்கட்டுபோல் குறுக்குப் பட்டைகளோடு வருவதால் டயர் பிடித்துக்கொள்ளும். அவற்றிலும் வில்போல் வளைந்தவை மேல். நேர்ப்பலகையின் உச்சியில் சரிவும் தொட்டியும் சேரும் இடம் கூர்மையான முனையாக இருக்கும். முன்சக்கரங்கள் அதைத் தாண்டியதும் வண்டியின் அடிவயிறு அங்கே உட்கார்ந்துகொள்ளும். வளைந்த பலகை அந்த முனையை மழுங்கடிக்கிறது. பலகையில் எழுதியிருக்கும் எடைத்திறன் பெரும்பாலும் ஒரு ஜோடிக்கானது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஏறும்போது எடை பின்சக்கரங்களுக்குச் சாய்வதால், வண்டி எடைக்குச் சமமான திறனோடு திருப்தியடைவது போதாது.

ஓட்டி ஏற்றுவது

ஓட்டியே ஏற்றுகிறவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வேகமாக முடியும், தனிக் கருவி வேண்டாம், பழகிய கைக்கு அது ஒரு நிமிட வேலை. பல்லாயிரம் பேர் ஒரு கீறலும் இல்லாமல் ஏற்றுகிறார்கள்.

ஆனால் தவறு நேரும்போது எப்படி நேர்கிறது என்று பார்க்க வேண்டும். வண்டி சீரான வேகத்தில் ஏறும்வரை பலகைமேல் விழுவது அதன் எடை மட்டும்தான், நேர் கீழ்நோக்கி. முன்சக்கரம் உச்சியில் சற்றுத் தயங்குகிறது என்று ஓட்டுபவர் கட்டைவிரலால் வேகம் கூட்டும் திராட்டிலை அழுத்தும் கணத்தில் நிலைமை மாறுகிறது. டயர் பலகையைப் பின்னோக்கி உதைக்கிறது. பலகையின் நுனி பின்கதவின் விளிம்பில் வெறுமனே சாய்ந்திருந்தால் நழுவி விழும். முன்சக்கரங்கள் தொட்டியிலும் பின்சக்கரங்கள் அந்தரத்திலுமாக வண்டி பின்னால் சரியும்போது ஓட்டுபவர் அதற்கு அடியில் இருப்பார். பலகையைப் பட்டையாலோ சங்கிலியாலோ பிக்அப்பின் சட்டத்தோடு கட்ட வேண்டும் என்று பலகைத் தயாரிப்பாளர்கள் அச்சடித்துக் கொடுப்பது இதனால்தான்.

இரண்டாவது வகை விபத்து, பலகை நிற்க, வண்டியே பின்னோக்கிப் புரள்வது. ஆஸ்திரேலியத் தரவிதி, முன்பின்னாகக் கவிழாமல் நிற்பதற்கு 0.8 என்ற நிலைத்தன்மை விகிதத்தைக் கேட்கிறது. சாய்மானமாகச் சொன்னால் சுமார் 39 டிகிரி. 30 டிகிரிப் பலகையில் ஏறும்போது அந்த வரம்பில் பெரும்பகுதி ஏற்கெனவே கரைந்துவிட்டது. மிஞ்சியிருப்பதை ஓட்டுபவர் பின்னால் சாய்ந்து உட்கார்வதும், திராட்டிலின் ஒரு துள்ளலும், பின்கேரியரில் கட்டியிருக்கும் மூட்டையும் தின்றுவிடும். மூன்றாவது வகை, ஏறிய வேகத்தில் நிறுத்த முடியாமல் கேபினின் பின்கண்ணாடியில் போய் மோதுவது. இது சேதத்தோடு முடிந்தால் அதிர்ஷ்டம்.

வின்ச்: பலம் எங்கே, பயன் எங்கே

பழனி மலையேறும் இழுவை ரயிலை வின்ச் என்றே பக்தர்கள் சொல்வார்கள். உருளையில் வடத்தைச் சுற்றிச் சரிவில் வண்டியை இழுக்கும் அதே தத்துவம், ஏ.டி.வி.யின் முகப்பில் கையடக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. கருவி பழையது. கி.மு. 480-இல் பாரசீகப் படை ஹெல்லஸ்பாண்ட் நீரிணையில் போட்ட படகுப் பாலத்தின் வடங்களை மர உருளைகளால் முறுக்கி இறுக்கியதை ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். வண்டிகளில் பேட்டரியால் இயங்கும் வின்ச்சைப் பரவலாக்கியவர்களில் அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் முக்கியமானது. ஆர்தர் வார்ன் 1948-இல் ஜீப் வண்டிகளுக்கான சக்கரப் பூட்டுகளோடு அதைத் தொடங்கினார்.

ஏ.டி.வி.களுக்கு விற்கப்படும் சிறிய வின்ச்சுகளிலேயே 2,500 பவுண்டு, அதாவது 1,134 கிலோ இழுவிசை உண்டு. 3,500, 4,500 பவுண்டு என்று மேலும் உண்டு. இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. அது உருளையில் முதல் அடுக்கு வடம் மட்டும் இருக்கும்போது அளந்தது. அடுக்கு கூடக் கூட விட்டம் பெருகி, ஒவ்வோர் அடுக்குக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் பலம் குறையும். பிக்அப்பில் ஏற்றும்போது நான்கைந்து மீட்டர் வடம்தான் வெளியே வரும். மிச்சமெல்லாம் உருளையில் சுற்றிக் கிடப்பதால் எப்போதும் மேல் அடுக்கிலிருந்துதான் இழுக்கிறோம். அப்படியும் தேவைப்படுவது 135 கிலோ. சிறிய வின்ச்சுக்கே இது விளையாட்டு. ஆகவே இந்த வேலைக்காக மட்டும் பெரிய வின்ச் வாங்குவது வீண் செலவு.

பயன் இருப்பது இயற்பியலின் வேறொரு மூலையில். வடம் இழுக்கும்போது டயர்கள் வெறுமனே உருள்கின்றன, பலகையை உதைப்பதில்லை. சரிவின்மேல் செங்குத்தாக விழும் அழுத்தத்துக்கு பிக்அப்பை நோக்கி ஒரு கூறு உண்டு. அது பலகையைப் பின்கதவோடு இன்னும் நெருக்கி அமர்த்துகிறது. ஓட்டி ஏற்றும்போது எந்தப் பலகை எதிரியாகிறதோ, அதே பலகை வின்ச் போடும்போது தானாகவே இடத்தில் நிற்க முனைகிறது. அதற்காகக் கட்டாமல் விடலாம் என்று பொருளில்லை. கட்டு அவிழ்ந்தாலும் ஒரு பாதுகாப்பு மிஞ்சுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டிமேல் ஆள் இல்லை. கம்பியில்லா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் சில அடி தள்ளி நிற்கிறார். வண்டி விழுந்தால் வண்டிதான் உடையும்.

குறைகளும் உண்டு. வின்ச்சுக்கு திசைதிருப்பத் தெரியாது. முன்சக்கரம் சற்றுக் கோணலாக இருந்தால் பாதிப் பலகையில் சக்கரம் ஓரம் தாண்டிக் கீழே இறங்கும். கைப்பிடியை நேராக வைத்து ரப்பர் கயிற்றால் இருபுறமும் இழுத்துக் கட்டிவிடுவது இதற்கு எளிய தீர்வு. மின்சாரமும் ஒரு கவலை. முழுச் சுமையில் இந்தச் சிறு மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் குடிக்கும். வண்டியின் மின்னாக்கி அவ்வளவு தராது, வித்தியாசத்தை பேட்டரி ஈடுகட்டும். எனவே இன்ஜினை நியூட்ரலில் ஓடவிட்டு, இடையிடையே நிறுத்தி, மோட்டாரை ஆறவிட்டு இழுக்க வேண்டும். அரிதாக, மோட்டாரை இயக்கும் ரிலேயின் முனைகள் தீப்பொறியில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது பொத்தானை விட்டாலும் வின்ச் இழுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி இணைப்பை ஒரே திருப்பில் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருப்பது இதற்காகவே.

கொக்கியை எங்கே மாட்டுவது

வின்ச் முறையில் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நேர்கின்றன. ஏ.டி.வி.யின் முகப்பு வின்ச்சை வைத்தே ஏற்றுவதானால், கொக்கியைத் தொட்டியின் முன்புறத்தில், கேபினுக்குப் பின்னால் எங்காவது மாட்ட வேண்டும். கைக்கு எளிதில் எட்டுவது தொட்டித் தரையில் இருக்கும் கட்டுவளையம். அதில் மாட்டினால் என்ன ஆகும்? வண்டி தரையில் நிற்கும்போது வின்ச் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வளையத்துக்கு நேர்கோடு போட்டால் அது 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் பின்கதவு விளிம்புக்குக் கீழே போகும். அதாவது வடம் விளிம்பில் மடங்கி உரசிக்கொண்டுதான் இழுக்கும். பெயின்ட் போகும், செயற்கை இழை வடமானால் அறுபடும்.

கொக்கியைத் தொட்டித் தரையிலிருந்து அரை மீட்டர் உயர்த்தினால் வடம் விளிம்பை ஏறக்குறைய உரசாமல் கடக்கும். தொட்டியின் இரு பக்கச்சுவர்களையும் இணைத்து, பக்கச்சுவர் துளைகளில் பொருத்தும் குறுக்குக்குழாய் இந்த உயரத்துக்கு ஏற்றது. அதன் நடுவில் கொக்கி போட்டால் வண்டி நேர்கோட்டில் வரும். இதற்கும் மேலே, கேபின் கூரையளவு உயரத்தில் மாட்டினால் வண்டி தொட்டிக்குள் வர வர வடம் முகப்பை மேலே தூக்கத் தொடங்கும். முகப்பைத் தூக்குவது பின்னோக்கிப் புரட்டுவதற்கு முதல் படி.

தனி வின்ச்சைத் தொட்டியின் முன்சுவரில் போல்ட் போட்டுப் பொருத்துவோரும் உண்டு. முன்சுவர் மெல்லிய தகடு. 2015 முதல் எஃப்-150-இன் உடல் முழுவதும் அலுமினியக் கலவை. தகட்டில் மட்டும் பிடித்தால் அது சுருங்கும், கிழியும். பின்னால் தடித்த எஃகுத் தட்டு கொடுத்து, சுமை பிக்அப்பின் அடிச்சட்டத்துக்குப் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். ஏ.டி.வி.யில் வின்ச் இல்லாதவர்கள் கையால் நெம்பி இழுக்கும் சிறு இழுவைக் கருவியை நாடுகிறார்கள். மெதுவாக இருக்கும், தோள் வலிக்கும், ஆனால் மின்சாரம் கைவிடும் என்ற பயம் இல்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஏற்றுபவருக்கு அதுவே போதும்.

குட்டைத் தொட்டிக்காரர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வண்டி முழுதும் உள்ளே வரும்போது முகப்புக்கும் முன்சுவருக்கும் இடையே ஒரு சாண் இடம்கூட மிஞ்சாது. அந்த நேரத்தில் பொத்தானை விடத் தாமதித்தால் கொக்கி வின்ச்சின் வாயில் போய் நெரியும். கடைசி அரை மீட்டரைச் சொடுக்கிச் சொடுக்கி, சிறிது சிறிதாக இழுக்க வேண்டும்.

வடம்: இரும்பா, இழையா

இரும்புக் கம்பிவடம் வெயிலையும் உராய்வையும் தாங்கும், மலிவு. ஆனால் பிரிந்த கம்பி நுனிகள் கையுறையையும் கிழிக்கும். அறுந்தால் அதன் எடையே ஆயுதமாகிவிடும். டைனீமா போன்ற செயற்கை இழை வடங்கள் மிக இலேசு, தண்ணீரில் மிதக்கும். அறுந்தாலும் அவ்வளவு வேகமாகத் திரும்பி அடிப்பதில்லை. அவற்றின் பகை உராய்வும் வெப்பமும். சுமார் 150 டிகிரி செல்சியஸில் இந்த இழை உருகிவிடும், அதற்கு வெகுமுன்பே பலம் குறையத் தொடங்கும். பல சிறிய வின்ச்சுகளில் பிரேக் உருளைக்குள்ளேயே இருக்கிறது. சுமையோடு வண்டியை இறக்கும்போது அந்த பிரேக் சூடாகி, மேலே சுற்றியிருக்கும் வடத்தைக் காய்ச்சும்.

பிக்அப் ஏற்றத்தில் வடம் அறுவது அபூர்வம், விசை அவ்வளவு குறைவு. வேறு ஒரு தொல்லைதான் அதிகம். காட்டில் அவசரமாகத் தளர்வாகச் சுற்றிய வடத்தின் மேல் அடுக்கு, சுமை ஏறியதும் கீழ் அடுக்குகளுக்குள் புதைந்துகொள்ளும். அடுத்த முறை வடம் வெளியே வராது, அல்லது பாதியில் திடீரென விடுபட்டு வண்டி ஒரு சாண் பின்வாங்கும். வடத்தை எப்போதும் லேசான இழுவையோடு வரிசையாகச் சுற்றி வைப்பதே மருந்து. வடத்தை எங்காவது சுற்றி அதன் கொக்கியை அதே வடத்தில் மாட்டுவதும் பலர் செய்யும் பிழை. ஒரு பட்டையைச் சுற்றி, அதன் நுனிகளை இணைக்கும் ஷேக்கிள் வளையத்தில் கொக்கியை மாட்டுவதே முறை.

இறக்கும்போது

ஏற்றுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இறக்குவதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆபத்து அங்கும் குறைவில்லை. தொட்டி சமதளம். எனவே வின்ச்சை விடுவித்தவுடன் வண்டி தானாகப் பின்னால் நகராது. கையால் தள்ள வேண்டும். தள்ளுகிறவர் வசதிக்காக முதலிலேயே இரண்டு மீட்டர் வடத்தைத் தளர்த்திவிடுவார். பின்சக்கரங்கள் விளிம்பைத் தாண்டிப் பலகையில் இறங்கிய கணத்தில் வண்டி சரிவை உணரும், தளர்ந்த வடம் முழுவதையும் ஒரே பாய்ச்சலில் கடந்து சுண்டி நிற்கும். அந்த ஒரு சுண்டல் கொக்கியையும் குறுக்குக்குழாயையும் வின்ச்சின் பல்சக்கரத்தையும் ஒருசேரத் தாக்குகிறது. ஏற்றும்போது வந்த 135 கிலோ இங்கே பல மடங்காகலாம். வடம் எப்போதும் விறைப்பாகவே இருக்க வேண்டும். ஒரு சாண் விடு, ஒரு சாண் தள்ளு என்று இறக்க வேண்டும். உருளையில் கடைசிச் சில சுற்றுகளை எந்நாளும் விடுவிக்கக் கூடாது. இரும்பு வடமானால் குறைந்தது ஐந்து சுற்று, இழை வடமானால் அதைவிடக் கூடுதலாக மிஞ்ச வேண்டும். வடத்தை உருளையில் பிடித்து வைப்பது நுனியில் இருக்கும் சிறு திருகு அல்ல, அந்தச் சுற்றுகளின் உராய்வுதான்.

இரண்டு வேளையிலும் பிக்அப்பின் கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைப்பது முதல் வேலை. சரிவின் நேர்கீழே யாரும் நிற்கக் கூடாது என்பது மாறாத விதி.

வின்ச் செய்யக் கூடாத வேலை

வண்டி ஏறிவிட்டது, வடம் விறைப்பாக இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று பலருக்குத் தோன்றும். வின்ச் தயாரிப்பாளர்கள் தங்கள் கையேடுகளில் இதைத் தடுக்கிறார்கள். பல்சக்கரங்களும் பிரேக்கும் சீரான இழுவைக்காகச் செய்தவை. சாலைக் குழியில் வண்டி குதிக்கும் ஒவ்வொரு முறையும் அவை அடி வாங்கும். அதுவும் வடம் பிடிப்பது ஒரே திசையில்தான்.

அமெரிக்க மத்திய விதிகள் வணிகச் சரக்கு வண்டிகளுக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றன. பிரேக் போடும்போது முன்னோக்கி 0.8 ஜி (சரக்கின் எடையில் 0.8 மடங்கு), பக்கவாட்டில் 0.5 ஜி விசையைக் கட்டு தாங்க வேண்டும். 320 கிலோ வண்டிக்கு முன்னோக்கி மட்டும் இது 250 கிலோவைத் தாண்டுகிறது. சொந்த வண்டிக்கு அந்த விதி நேரடியாகப் பொருந்தாவிட்டாலும் இயற்பியல் பொருந்தும். நான்கு மூலைகளிலும் நான்கு ராட்செட் பட்டைகள், முன்னிரண்டும் முன்னோக்கி, பின்னிரண்டும் பின்னோக்கி. சஸ்பென்ஷன் சற்று அமுங்கும்வரை இறுக்க வேண்டும். சில கிலோமீட்டர் போனபின் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் சாலையில் ஆடிப் பட்டையைத் தளர்த்தியிருக்கும்.

டிரெய்லர் கட்சி

இந்தச் சிக்கல் அத்தனைக்கும் டிரெய்லர் ஒரே பதில் என்போர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டிரெய்லரின் தளம் பிக்அப் தொட்டியைவிட மிகத் தாழ்வானது, சரிவு கணிசமாகக் குறைகிறது. இருவர் அருகருகே உட்காரும் பெரிய வண்டிகள் இப்போது பெருகிவிட்டன. அகலமும் எடையும் மிகுந்த அவற்றுக்கு டிரெய்லரைவிட்டால் வழியில்லை.

ஆனால் ஒற்றை ஏ.டி.வி. வைத்திருப்பவருக்கு டிரெய்லர் ஒரு குடும்பச் செலவு. வாங்க வேண்டும், நிறுத்த இடம் வேண்டும், பதிவு வேண்டும். குறுகிய காட்டுப்பாதையில் பின்னோக்கி எடுக்கத் தெரிய வேண்டும். பனி மூடிய மலைச்சாலையில் பின்னால் ஆடிக்கொண்டு வரும் டிரெய்லர் தனி ஆபத்து. ஆகவே தொட்டியில் ஏற்றும் பழக்கம் உடனே மறையப் போவதில்லை.

முடிவு

மூன்று கட்சிகளின் வாதங்களையும் வைத்துப் பார்த்தால் தீர்ப்பை வரிசையாகச் சொல்லலாம். அடிக்கடி ஏற்றுபவர், வீட்டில் இடமுள்ளவர், டிரெய்லர் வாங்கட்டும். தொட்டியில்தான் ஏற்ற வேண்டுமென்றால் முதலில் உயரத்தைக் குறைக்கட்டும், பள்ளமோ மேடோ தேடி பிக்அப்பை நிறுத்தட்டும். இரண்டாவதாக, எட்டடி நீளமுள்ள வளைந்த பலகைகளை வாங்கி, அவற்றை பிக்அப்பின் சட்டத்தோடு கட்டட்டும். அதன்பிறகு வின்ச். ஏ.டி.வி.யில் ஏற்கெனவே வின்ச் இருந்தால் அதுவே தாராளம். பணத்தைப் பெரிய மோட்டாரில் போடாமல், தொட்டியின் நடுவில், அரை மீட்டர் உயரத்தில், சட்டத்தோடு பிணைந்த ஓர் உறுதியான கொக்கிப்பிடிக்குச் செலவிட வேண்டும்.

ஓட்டி ஏற்றுவதை முற்றிலும் தவறு என்று சொல்ல முடியாது. பள்ளமும் நீண்ட பலகையும் காய்ந்த தரையும் பழகிய கையும் சேர்ந்திருந்தால் அது நடக்கும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், வண்டியிலிருந்து இறங்கி வடத்தை மாட்டுவதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். அந்தச் சில நிமிடங்களை மிச்சம் பிடிக்கப் போய் முந்நூறு கிலோ இரும்புக்கு அடியில் படுத்துவிடாதீர்கள்.